ஐ.க்யூ. 84 என்றால் மக்கு என்று அர்த்தமா? – வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளின் ஐ.க்யூ. சோதனை பற்றிக் கேட்டு கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கடிதம், வாட்ஸ்அப் என்று குவிந்துவிட்டது. அதனால் இந்த மாதம் மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கே பக்கத்தை ஒதுக்கியாயிற்று. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

அக்கா, என் மகன் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு மூன்று படிக்கிறான். வாசிக்கத் தடுமாறுகிறான் என்று ஆசிரியை சொன்னதால் ஒரு தனியார் உளவியல் நிபுணரிடம் அழைத்துப் போனோம். ஐ.க்யூ. 84 என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, ‘சிறப்புக் கல்வி வகுப்பில் போட்டுவிடு, ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை எடுத்துவிடு’ என்கிறார். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. 84 என்றால் மக்கு என்று அர்த்தமா? – செந்தூல்

இல்லை தங்கச்சி. முதல் வேலையாக அந்த அறிக்கையை நாத்தனார் கையிலிருந்து வாங்கி வையுங்கள்.

84 என்பது நூற்றுக்கு வாங்கிய மார்க் இல்லை, அப்படி இருந்திருந்தால் வீட்டில் பாயசம் வைத்திருப்பீர்கள். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகள் ஏராளமானவர்களுக்கு அதே சோதனையைக் கொடுத்து, அவர்களின் சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். நூறு பேரில் கிட்டத்தட்ட 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் வந்து விழுகிற மாதிரி கணக்கை அமைத்திருக்கிறார்கள். உங்கள் பையன் அந்தக் கூட்டத்தின் விளிம்பில் நிற்கிறான், அவ்வளவுதான். நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் கடைசியிலிருந்து பதினான்கு, பதினைந்தாவது இடம். முப்பது பேர் உள்ள வகுப்பில் இந்த அளவில் நான்கு பேராவது இருப்பார்கள், அவர்களில் பலருக்கு யாரும் சோதனையே வைத்திருக்க மாட்டார்கள்.

அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று ஒரு மருத்துவரோ உளவியலாளரோ சொல்ல வேண்டுமென்றால் எண் ஏறக்குறைய 70 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், அதோடு அன்றாட வாழ்க்கைத் திறனிலும் பின்தங்கல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருகிறானா, தானே குளித்து உடுத்திக்கொள்கிறானா, கூட்டாளிகளோடு விளையாடும்போது விளையாட்டின் விதியைப் பிடித்துக்கொள்கிறானா? இதற்கெல்லாம் ‘ஆமாம்’ என்பது உங்கள் பதிலானால் நாத்தனாரின் யோசனைக்கு இங்கே இடமே இல்லை.

சரி, இப்போது அறிக்கையைத் திறங்கள். ஒழுங்கான அறிக்கையில் 84-க்குப் பக்கத்தில் ஓர் எல்லை போட்டிருப்பார்கள், ஐந்து புள்ளி முன்னே பின்னே. அதாவது உண்மையான இடம் 79-ஆகவும் இருக்கலாம், 89-ஆகவும் இருக்கலாம். அன்று காலையில் பையன் பசியாறினானா, சளி பிடித்திருந்ததா, எதிரே உட்கார்ந்த அந்நியரைப் பார்த்து மிரண்டானா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

இதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் பகுதிகள். இன்று பரவலாகப் பயன்படும் வெக்ஸ்லர் சோதனை ஐந்து திறன்களைத் தனித்தனியே பார்க்கிறது: சொல்லறிவு, வடிவங்களைப் புரிந்துகொள்வது, புதுச் சிக்கலை யோசித்து அவிழ்ப்பது, கொஞ்ச நேரத்துக்கு மனத்தில் பிடித்து வைப்பது, வேகம். சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளைக் கொடுத்து, படத்தில் உள்ள மாதிரி அடுக்கு என்று சொல்லிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். பையன் அதில் 105 எடுத்து, சொல்லறிவில் 72 எடுத்திருந்தால், இரண்டையும் கலந்து வரும் 84 யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாத எண். நல்ல நிபுணர் அந்த இடத்தில் மொத்த எண்ணை ஓரம் தள்ளிவிட்டுப் பகுதிகளைப் பற்றித்தான் பேசுவார்.

அப்புறம் மொழி. எந்த மொழியில் சோதித்தார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், கீழ்மாடிக் கூட்டாளிகளோடு மலாய், யூடியூப்பில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சொற்பொருள் கேட்டால் அது ஆங்கிலப் பரீட்சை. எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைக்கும் பகுதியில்கூட மொழி நுழைந்துவிடுகிறது. வேல்ஸ் நாட்டில் இரு மொழியும் தெரிந்தவர்களை வைத்து 1980-இல் ஓர் ஆய்வு வந்தது. வெல்ஷ் மொழியில் எண்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிட நேரம் பிடிக்கும். அதனாலேயே வெல்ஷில் கேட்டால் அதே ஆட்களுக்குக் குறைவான எண்கள்தான் நினைவில் நின்றன. கலிபோர்னியாவில் இந்த விவகாரம் நீதிமன்றத்துக்கே போயிற்று. ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலச் சோதனை வைத்து மந்தபுத்தி வகுப்பில் உட்கார்த்தியிருந்தார்கள், ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்குரிய எல்லையைத் தாண்டிவிட்டார்கள். 1970-இல் வழக்கு சமரசமாகி, பிள்ளையின் சொந்த மொழியில் சோதிக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நம் நாட்டில் புகுமுக வகுப்பைத் தாண்டி வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலாய் தடுமாறியதற்காக ஒரு வருடம் கூடுதலாக உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் இன்று பொறியியலாளர்கள், வழக்கறிஞர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நிபுணரிடம் திரும்பப் போங்கள், பணம் கொடுத்திருக்கிறீர்கள், கேட்கும் உரிமை உண்டு. எந்த மொழியில் சோதித்தீர்கள், பகுதிகளுக்குள் எவ்வளவு வித்தியாசம், இது டிஸ்லெக்சியாவா (எழுத்தை வாசிப்பதில் மட்டும் வரும் சிரமம்) இல்லையா என்று தனியாகப் பார்த்தீர்களா, அடுத்த ஆறு மாதத்துக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத அறிக்கை வெறும் காகிதம். அதற்கு முன்னால் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாமல் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு.

இந்தச் சோதனையை முதலில் யார், எதற்காகக் கண்டுபிடித்தார்கள்? – பட்டர்வொர்த்

பிரான்சில், பின்தங்கிய பிள்ளைகளுக்கு உதவத்தான். அங்கே கட்டாயக் கல்வி வந்து எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வர ஆரம்பித்ததும், சிலரால் பாடத்தோடு ஓட முடியவில்லை. யாருக்குத் தனிக் கவனம் தேவை என்பதை ஆசிரியரின் எரிச்சலுக்கு விட்டுவிடாமல் முடிவு செய்ய 1904-இல் அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இருந்தவர் ஆல்ஃபிரட் பினே. மறு ஆண்டே தியோடோர் சிமோனோடு சேர்ந்து 30 பணிகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வதில் ஆரம்பிக்கும், ஒரு கட்டைத் துண்டையும் ஒரு சாக்லேட் துண்டையும் காட்டி எது தின்பதற்கு என்று பார்க்கும், போகப் போக எண்களைத் திருப்பிச் சொல்வது, எடைகளை ஒப்பிடுவது, கடைசியில் அருவமான சொற்களுக்கிடையே வேறுபாடு சொல்வது என்று கடினமாகிக்கொண்டே போகும்.

பினேயிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: அறிவு என்பது பிறவியிலேயே அளந்து கொடுத்த, கூட்டவே முடியாத ஒரு பொருள் என்று சொன்னவர்களை 1909-இல் அவர் வெளிப்படையாகவே கண்டித்தார், அது கொடூரமான அவநம்பிக்கை என்றார். பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவர் பரிந்துரைத்த பயிற்சிகளில் ஒன்று, ஆசிரியர் சொன்னதும் எல்லாரும் சிலையாக உறைந்து நிற்பது. பாடத்துக்கு முன்னால் கவனிக்கப் பழக வேண்டும் என்று.

1911-இல் 54 வயதில் அவர் இறந்துவிட்டார், சோதனை கடல் தாண்டிவிட்டது. 1912-இல் ஜெர்மானியர் வில்லியம் ஸ்டெர்ன், மனவயதை உண்மை வயதால் வகுக்கலாம் என்றார். 1916-இல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கினார். எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளை அளவுக்குச் செய்தால் 75. சின்னப் பிள்ளைகளுக்குச் சரி, நாற்பது வயதுக்காரருக்கு இந்தக் கணக்கு எடுபடுமா? நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் இந்த வகுத்தலைக் கைவிட்டு, சம வயதினரோடு ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். செந்தூல் தங்கச்சியின் 84 அந்த வழியில் வந்ததுதான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். எங்களுக்குப் பயிற்சியில் எட்டு வகை நுண்ணறிவு என்று சொல்லிக் கொடுத்தார்கள், பல்வகை நுண்ணறிவாற்றல் என்று பாடத்திட்டத்திலும் எழுதினோம். இப்போது என் பேரன், உளவியல் படிப்பவன், ‘அது அறிவியலே இல்லை தாத்தா’ என்கிறான். யார் சொல்வது சரி? – ஆயர் ஈத்தாம், பினாங்கு

பேரன் பக்கம்தான் ஐயா நான், ஆனால் அவனும் கொஞ்சம் அவசரப்படுகிறான்.

1904-இல், பினே குழுவில் உட்கார்ந்த அதே ஆண்டில், இங்கிலாந்தில் சார்ல்ஸ் ஸ்பியர்மன் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். பிரெஞ்சில் நன்றாகச் செய்பவன் கணிதத்திலும் நன்றாகச் செய்கிறான், ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறிவதில்கூட ஓரளவு முன்னால் நிற்கிறான். ஏன் இப்படி ஒன்றோடொன்று சேர்ந்தே போகிறது? அடியில் ஒரு பொதுத்திறன் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார், அதற்கு ‘ஜி’ என்று பெயரும் வைத்தார். அமெரிக்காவில் தர்ஸ்டன் 1938-இல் இல்லை, ஏழு தனித்தனித் திறன்கள் என்று மறுத்தார். ரேமண்ட் கேட்டல் வேறு மாதிரி பிரித்தார்: முன்பின் தெரியாத சிக்கலை அங்கேயே யோசித்து அவிழ்க்கும் திறன் ஒன்று, படித்தும் பழகியும் சேர்த்து வைத்தது இன்னொன்று. முதலாவது இளமையிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும், இரண்டாவது வயதாகியும் வளரும். பேரனிடம் புதுத் திறன்பேசியை நீட்டும் நீங்கள், ஒரு கட்டுரையில் சந்திப்பிழையை அவனைவிட முன்னால் பிடித்துவிடுவீர்கள் அல்லவா? 1993-இல் ஜான் கேரல் பல நூறு ஆய்வுகளின் தரவுகளை மறுபடி அலசி மேலே பொதுத்திறன், நடுவில் சில அகன்ற திறன்கள், அடியில் பல குறுகிய திறன்கள் என்று மூன்று மாடியாக அடுக்கினார். இன்றைய சோதனைகள் பெரும்பாலும் இந்த வரைபடத்தை ஒட்டியவை.

ஹார்வர்டின் ஹாவர்ட் கார்ட்னர் 1983-இல் வந்து மொழி, கணிதம், இசை, உடலசைவு, இடவெளி, பிறரைப் புரிவது, தன்னைப் புரிவது என்று ஏழு நுண்ணறிவுகள் என்றார், பிறகு இயற்கையையும் சேர்த்து எட்டாக்கினார். ஆசிரியர்களுக்கு இது தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதோ ஒன்றில் இடம் கிடைத்துவிடுகிறது. சிக்கல் எங்கே என்றால், இந்த எட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாக இயங்குகின்றன என்பதற்கு ஆதாரம் வரவில்லை. அளந்து பார்த்தவர்களுக்கு மொழி, கணிதம், இடவெளி எல்லாம் பழையபடி சேர்ந்தேதான் போயின. வகுப்பறையில் இது இன்னும் திரிந்து, ‘இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள்’ என்று ஆகிவிட்டது. கற்றல் பாணியும் தன் கோட்பாடும் ஒன்றல்ல என்று கார்ட்னரே எழுதிவிட்டார். பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் பிள்ளை கூடுதலாகக் கற்கும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று 2008-இல் ஒரு பெரிய மதிப்பாய்வும் வந்தது. எட்டு வண்ண அட்டைகளை வெட்டி ஒட்டிய ஆசிரியைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

ஆனால் கார்ட்னரையும் அவரைப் போல உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க்கையும் பேசத் தூண்டிய குறை உண்மையானது, காகிதச் சோதனை எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் மாதிரி போய் நின்றார்கள். ஒரு தேங்காய் 35, பத்து வேண்டும், எவ்வளவு? பையன் மூன்றுக்கு 105 என்றான், இன்னும் மூன்று சேர்த்து 210, மறுபடி மூன்று சேர்த்து 315, ஒன்று கூட்டி 350. பள்ளியில் பத்தால் பெருக்கப் பூஜ்யம் சேர் என்று சொல்லிக் கொடுத்ததை அவன் தொடவே இல்லை. இப்படிக் கடையில் கேட்டபோது 98 சதவீதம் சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாகக் கேட்டபோது 37 சதவீதம்தான். 1985-இல் வெளியான இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் பூக்கடைகள்தான் ஞாபகம் வரும்: தீபாவளிக்கு முந்தின நாள், முழம் ஒரு விலை, உதிரி ஒரு விலை, நான்கு பேர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், நாரைக் கட்டிக்கொண்டே நால்வருக்கும் சரியான மீதி போகிறது.

விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் மூளையில் எந்தப் பகுதி பலம், எந்தத் துறை படிக்க வைக்கலாம் என்று சொல்கிறார்கள். பேரங்காடியில் கடை போட்டிருந்தார்கள், சில நூறு ரிங்கிட். செய்யலாமா? – செராஸ்

வேண்டாம். விரல் ரேகைகள் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன, டவுன் சிண்ட்ரோம் போன்ற சில பிறவி நிலைகளில் ரேகை அமைப்பு மாறுபடுவதும் உண்மை. அந்த ஒரு துளி உண்மையை எடுத்துக்கொண்டு, கட்டைவிரல் பார்த்துப் பொறியியலா கணக்கியலா என்று சொல்வதற்கு எந்த அறிவியல் அடிப்படையும் கிடையாது. அந்த அறிக்கைகளைக் கவனித்துப் பாருங்கள், எல்லாப் பிள்ளைக்கும் தலைமைப் பண்பு இருக்கும், கொஞ்சம் பொறுமை குறைவாக இருக்கும். பத்து வயதில் யாருக்குத்தான் பொறுமை இருந்தது?

எந்த நாட்டுக்கு எவ்வளவு ஐ.க்யூ. என்று ஒரு பட்டியல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ‘நம் ஆட்களுக்கு மூளை கம்மி, அதான் தோட்டத்திலேயே கிடந்தோம்’ என்று மாமா ஒருவர் எழுதியிருந்தார். மனசு கொதிக்கிறது, பதில் சொல்லத் தெரியவில்லை. – பிறை, பினாங்கு

மாமாவுக்கு அமெரிக்க ராணுவத்தின் கதையைச் சொல்லுங்கள். முதல் உலகப் போரின்போது உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களைச் சோதித்தார்கள். பிறவி அறிவை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? அது அங்கே கடையில் விற்கும் சமையல் கொழுப்பின் பெயர். நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய இத்தாலியனுக்கு எப்படித் தெரியும்? இந்த முடிவுகளை வைத்துத்தான் கார்ல் பிரிகம் 1923-இல் வடக்கு ஐரோப்பியர் உயர்ந்தவர், தெற்கு கிழக்கு ஐரோப்பியர் தாழ்ந்தவர் என்று புத்தகம் போட்டார். ஏழு ஆண்டு கழித்து, அந்த ஒப்பீடுகளுக்கு அடிப்படை இல்லை என்று அவரே தன் முடிவைத் திரும்பப் பெற்றார். உங்கள் குடும்பக் குழுவில் சுற்றும் பட்டியல்களும் இந்த வம்சம்தான். பல நாடுகளுக்கு அதில் உள்ள எண் சின்ன, பொருத்தமில்லாத மாதிரிகளிலிருந்து எடுத்தது.

இன்னொன்றும் சொல்லலாம். ஜேம்ஸ் ஃப்ளின் 1984-இல் காட்டியது: அமெரிக்காவில் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்கு மூன்று புள்ளி வீதம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, பிறகு பார்த்தால் வேறு பல நாடுகளிலும் அப்படித்தான். அதனால்தான் சோதனையின் அளவையே அவ்வப்போது மாற்றியமைக்கிறார்கள். இரண்டு தலைமுறைக்குள் மரபணு அப்படி மாற வழியில்லை. பள்ளி, சத்துணவு, சின்னக் குடும்பம், படங்களும் வடிவங்களுமாக நிறைந்த உலகம் என்று காரணங்களைத்தான் தேடுகிறார்கள். நார்வேயில் 1975-க்குப் பிறகு பிறந்தவர்களிடம் அது இறங்கவும் ஆரம்பித்தது, ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குள்ளேயே இறங்கியது. இவ்வளவு சூழலால் அசையும் ஒரு எண்ணை இனத்தின் நெற்றியில் ஒட்ட முடியாது. தோட்டத்தில் கிடந்ததற்குக் காரணம், பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றதும், தொழிலாளி பிள்ளை தொழிலாளியாகவே இருக்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகங்கள் விரும்பியதும். மாமாவின் அப்பாவையே கேட்டிருக்கலாம்.

அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் ஐ.க்யூ. கூடுமா? மாதக் கட்டணம் குறைவில்லை. – பிரிக்பீல்ட்ஸ்

மனக்கணக்கு கூடும். குஜராத்தின் வதோதராவில் 200 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து மூன்றாண்டு பார்த்தார்கள், 2016-இல் வெளிவந்தது. அபாகஸ் கற்றவர்கள் கணக்கில் முன்னேறினார்கள், பொது அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. பிள்ளைக்குப் பிடித்திருந்தால் அனுப்புங்கள். ஐ.க்யூ.வை உயர்த்துவதாக உறுதியான சான்றுள்ளது எது என்று கேட்டால் மிகச் சாதாரணமான ஒன்றைத்தான் சொல்வேன், பள்ளிக்கூடம். 6 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் வந்த ஆய்வில், கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து புள்ளி வரை ஏறியிருந்தது. மொசார்ட் இசைத்தட்டு வேண்டாம். 1993 ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்குச் சில நிமிடம் இருந்து மறைந்த விளைவு அது, குழந்தைகளையே சோதிக்கவில்லை.

எனக்கு வயது 13. இணையத்தில் ஐ.க்யூ. சோதனை செய்தேன், 142 வந்தது. மென்சா என்கிற உயர் ஐ.க்யூ.காரர்கள் சங்கத்தில் சேரலாமா? – கெப்போங்

வாழ்த்துகள் தம்பி, ஆனால் அந்தத் தளத்தில் உன் பாட்டி செய்தாலும் 130-க்குக் குறையாது, குறைந்தால் யார் காசு கட்டிச் சான்றிதழ் வாங்குவார்கள்? மென்சா கேட்பது மேற்பார்வையோடு நடக்கும் சோதனையில் முதல் இரண்டு சதவீதம். ஆசை இருந்தால் முறையாக எழுது, பாங்கி நகரிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மேதைச் சிறுவர் திட்டத்துக்கும் தேர்வு உண்டு, ஆசிரியரிடம் கேள். தேறாவிட்டால் சோர்ந்துவிடாதே. டெர்மன் 1921-இல் தொடங்கி கலிபோர்னியாவில் 1,500 அறிவுக்கொழுந்துகளைப் பொறுக்கியெடுத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார், அவர்களில் நோபல் வாங்கியவர் யாரும் இல்லை. எண் போதவில்லை என்று அவர் கழித்துவிட்ட வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும் இயற்பியலில் ஆளுக்கொன்று வாங்கினார்கள். அந்தத் தளத்துக்கு அப்பாவின் வங்கி அட்டை எண்ணை மட்டும் கொடுத்துவிடாதே.